போனவரின் கிளை: உறவைக் கணக்கிலிருந்து மீட்பது

முழுக் கொடிவழியையும் ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தாத்தாவின் அப்பாவோடு நின்றுவிடுகிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, பரளச்சிப் பக்கத்துக் குடும்பங்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மழை பொய்த்தால் பாதி ஊர் கிளம்பிவிடும் பூமி இது. அண்ணன் தம்பி நாலு பேரில் ஒருவர் கண்டிச் சீமைக்கு, ஒருவர் ரங்கூனுக்கு, ஒருவர் மதுரை மில்லுக்கு என்று போயிருப்பார்கள். மிச்சமிருந்தவர் கரிசலில் கம்பும் பருத்தியும் போட்டுக்கொண்டு கண்மாயைப் பார்த்தபடி இருந்திருப்பார். நால்வரையும் ஒன்றாகத் துரத்தினால் ஒருவரும் கையில் அகப்படமாட்டார்.

ஒரு கிளையை மட்டும் எடுங்கள். அதிலும் "போனவன் போனவன்தான், ஒரு தாக்கலும் இல்ல" என்று வீட்டில் சொல்லப்படுகிறவரின் கிளையை எடுங்கள். கேட்கக் கடினமாகத் தெரிந்தாலும் இதுதான் எளிது. ஊரிலேயே இருந்து ஊரிலேயே இறந்தவரைப் பற்றி யாரும் எதையும் எழுத வேண்டி வந்திருக்காது. போனவருடைய விஷயம் வேறு. அவருடைய பங்கு நிலத்தை என்ன செய்வது, கோயில் வரியை யார் கட்டுவது, வழிச்செலவுக்கு வாங்கிய கடனை யார் அடைப்பது என்று அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

இந்தச் சீமையில் உறவை யாரும் எழுதிவைக்கவில்லை, கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்தார்கள். ஹரித்வாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக யாத்திரிகர்களின் வம்சாவளியைப் பேரேட்டில் எழுதிவருகிறார்கள். அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வந்து அவற்றை மைக்ரோஃபிலிம் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. நம் பக்கத்தில் அப்படி ஒரு பேரேடு இல்லையே என்று ஏங்க வேண்டாம். நம்முடையது மொய் நோட்டு, கோயில் வரி நோட்டு, பாகப்பிரிவினைப் பத்திரம், தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணியின் கடன் சீட்டு என்று சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

திருச்சுழிக் குடும்பம் ஒன்று

எல்லோரும் அறிந்த ஒரு குடும்பத்தை வைத்தே இந்தத் தேடலின் சிக்கல்களைப் பார்த்துவிடலாம். திருச்சுழியில் சுந்தரம் ஐயர் என்று ஒருவர் இருந்தார். மாதம் 2 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப்பிள்ளையிடம் எழுத்து வேலைக்குச் சேர்ந்து, பிறகு மனு எழுதிக்கொடுத்து, கடைசியில் வக்கீலாகத் தொழில் நடத்தியவர். மனைவி அழகம்மாள். நாகசாமி, வேங்கடராமன், நாகசுந்தரம் என்று மூன்று மகன்கள், அலமேலு என்று ஒரு மகள். 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த இரண்டாவது மகன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. அவருடைய ஞானத்தைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது, காணாமல்போன பையனை அந்த வீட்டார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை.

முதலில் பெயர்கள். அவருக்கு வைத்த பெயர் வேங்கடேசுவரன். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வேங்கடராமன் ஆனார். திருவண்ணாமலைக்குப் போன புதிதில் பெயர் தெரியாததால் பிராமண சுவாமி என்றார்கள். 1907இல் கணபதி முனி சூட்டியதுதான் ரமண மகரிஷி என்ற பெயர். தம்பி நாகசுந்தரமும் பிறகு அங்கே போய்த் துறவு பூண்டு நிரஞ்சனானந்தர் ஆனார். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஆறு பெயர்! உங்கள் குடும்பத்தில் மகான் யாரும் இல்லாவிட்டாலும் ஒருவருக்கு மூன்று பெயர் நிச்சயம் இருக்கும்: பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, குலதெய்வத்தின் பெயராக வைத்தது ஒன்று, ஊரார் கூப்பிட்ட பட்டப்பெயர் ஒன்று. ஆளுக்கு ஒரு தாள் போடுங்கள். எந்தப் பெயர் எந்தக் காகிதத்தில், யார் வாயில் வந்தது என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே கருப்பையாவும் அதே இருளப்பனும் திரும்பத் திரும்ப வருவார்கள். தாளைத் தனித்தனியாகப் போடாவிட்டால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

அடுத்தது, வீடு உடைந்த தேதி. 1892இல் சுந்தரம் ஐயர் இறந்தார். குடும்பம் பிரிந்தது. மூத்த இரு மகன்களும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டில் இருந்து படித்தார்கள். 1896 ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டு வேங்கடராமன் கிளம்பினார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. எங்கே போகிறார் என்பதும் இல்லை. ஆனால் சம்பளம் இன்னும் கட்டவில்லை, 2 ரூபாய் இதோடு இருக்கிறது என்ற கணக்கு மட்டும் பிசகாமல் இருந்தது. பெயரைத் துறந்தவர்கூடக் கணக்கை எழுதிவைத்துவிட்டுத்தான் போனார்.

வீட்டாருக்குத் துப்பு கிடைத்தது ஊர்ப்பெயரால். திருவண்ணாமலை தாலுகா கச்சேரியில் தலைமைக் கணக்கராக இருந்த வேங்கடராம ஐயர், பெயரும் ஊரும் தெரியாமல் நகரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததால், பேசாமலிருந்த அந்த இளைஞர் வேங்கடராமன், திருச்சுழி என்று எழுதிக் காட்டினார். அந்த ஊரை ஐயர் கேள்விப்பட்டதில்லை. பக்கத்தில் இருந்த பெரிய புராணத்தை எடுத்து, சுந்தரர் பாடிய தலம் அது என்று இளைஞரே காட்ட வேண்டியிருந்தது. அப்புறம் செய்தி வாய்வழியாக நகர்ந்தது. மதுரையில் ஒரு தம்பிரான் இந்தச் சுவாமியைப் பற்றிப் பேச, அதைத் திருச்சுழிப் பையன் ஒருவன் கேட்டு வீட்டில் வந்து சொன்னான். 1898இல் இன்னொரு சித்தப்பா நெல்லையப்பையர் தேடிக்கொண்டு போனார். உறவுக்காரர்கள் தேடிக் கிடைக்காத ஆள் ஊர்க்காரன் காதில் விழுந்த பேச்சில் கிடைத்தார். நீங்களும் பங்காளிகளோடு நின்றுவிடாமல், அதே காலத்தில் அதே ஊரிலிருந்து போன மற்ற வீட்டாரிடமும் விசாரியுங்கள்.

அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவர் துறவியாகிவிடுவார் என்று ஒரு பேச்சு இருந்தது. சுந்தரம் ஐயரின் உடன்பிறந்தவர் ஒருவரும் அப்படிப் போனவரே. சந்நியாசம் வாங்கியவர், பிள்ளை இல்லாமல் இறந்தவர், சாதி மாறிக் கட்டியதால் ஒதுக்கப்பட்டவர் ஆகியோரைக் கொடிவழியில் விட்டுவிடுவது நம் வழக்கம். விடாதீர்கள். கட்டத்தைப் போட்டு, அவருக்குக் கீழே காரணத்தை எழுதுங்கள். ஒதுக்கப்பட்டவர் கிளைதான் பல சமயம் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கும்.

பெரியவர்களிடம் கேட்பது

எண்பது வயது அப்பத்தாவிடம் போய் "ஒங்க மாமனாருக்கு எத்தன பேரு கூடப் பெறந்தவுக?" என்று கேட்டால், "என்னத்தக் கண்டேன் தாயி" என்றுதான் பதில் வரும். எண்ணிக்கையைக் கேட்காமல் சம்பவத்தைக் கேளுங்கள்.

"அப்பத்தா, நீங்க வாக்கப்பட்டு வந்தப்ப வீட்டுல யாரு யாரு இருந்தாக?"

"என் மாமியா, சின்ன மாமனாரு, புருசன எழந்து வந்த ஒரு கொழுந்தியா. பெரிய மாமனாரு கொழும்புக்குப் போயிட்டாக. அவுக பங்க எங்க வீட்டுலதான் வெள்ளாம செஞ்சாக."

இந்த ஒரு பதிலில் நாலு கட்டம் நிரம்பிவிட்டது. கடைசி வாக்கியம் உங்களைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கே கொண்டுபோய் விடும். இன்னொன்று: பழைய காலத்து மனுஷிகள் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் சொல்லமாட்டார்கள். வற்புறுத்தாமல் நீங்களே இரண்டு மூன்று பெயரைச் சொல்லிப் பாருங்கள். சரியான பெயர் வந்ததும் தலையாட்டுவார்கள். ஆண்டைக் கேட்பதிலும் பயனில்லை. தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாலா, முதுகுளத்தூர்க் கலவரத்தின்போதா, தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன வருஷமா என்று கேட்டால் மளமளவென்று வரும். இவை முறையே 1876-77, 1957, 1964. அறுபது வருஷச் சுற்றில் தாது மறுபடியும் 1936-37இல் வந்ததை மறக்க வேண்டாம்.

பிடிமண், வரி, கிளை

மாசி மகா சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போய்விடுங்கள். இந்தப் பக்கத்தில் மாசிக் களரி என்பார்கள். சென்னை, திருப்பூர், சிவகாசி என்று பிழைக்கப்போன பங்காளிகள் அத்தனை பேரும் வேன் பிடித்து வந்து இறங்கும் இரவு அது. பூசாரியையும் வரி வசூலிப்பவரையும் பார்த்து வரி நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு வரி என்று இருக்கும். பத்து வருஷத்து நோட்டை வரிசையாக வைத்துப் படித்தால் புதிதாக ஒரு பெயர் வந்த வருஷம் கல்யாணம், ஒரு பெயர் போய் மனைவியின் பெயரோ மகனின் பெயரோ வந்த வருஷம் சாவு. ஊரில் இல்லாதவருக்காக அண்ணன் வரி கட்டியிருந்தால் அவர் இன்னும் பங்காளிதான் என்று அர்த்தம். வரி நின்ற வருஷத்தில் என்ன நடந்தது என்று தனியாகக் கேளுங்கள். சண்டையாக இருக்கலாம், மதம் மாறியிருக்கலாம், வேறு இடத்தில் பிடிமண் கோயில் எழும்பியிருக்கலாம்.

பிடிமண்தான் இந்தப் பகுதியில் ஒரு கிளை பிரிந்ததற்கு மிக நல்ல சாட்சி. தூரமாய்ப் போய்க் குடியேறியவர்கள் மூலக் கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப்போய்ப் புது ஊரில் அதே சாமியை நிறுத்துவார்கள். உங்கள் அய்யனாருக்கோ கருப்பனுக்கோ பிடிமண் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், காகிதம் எதுவும் இல்லாத காலத்துக்குக்கூட ஒரு படி, சில சமயம் இரண்டு படி பின்னால் போகலாம். அதற்குமேல் சொல்லப்படுவது பெரும்பாலும் கதை. ஆற்று வெள்ளத்தில் சாமி பெட்டி மிதந்து வந்தது போன்ற கதையை எழுதிவையுங்கள், ஆனால் கொடிவழியில் சேர்க்காதீர்கள்.

எல்லாச் சாதியிலும் தகப்பன் வழியை மட்டுமே பிடித்துப் போனால் போதாது. கொண்டையங்கோட்டை மறவர்களில் குலதெய்வம் தகப்பன் வழி, கிளை எனப்படும் உட்பிரிவோ தாய்வழி. பிள்ளை தாயின் கிளையைச் சேரும், ஒரே கிளைக்குள் பெண் எடுக்கமாட்டார்கள். காகிதத்தில் பெயரே வராத பாட்டிகளின் வரிசையைக் கிளை என்ற ஒற்றைச் சொல் காப்பாற்றி வைத்திருக்கிறது. உங்களுடையது அப்படிப்பட்ட குடும்பமானால் ஒவ்வொரு பெண்ணின் கட்டத்திலும் கிளையை எழுதுங்கள். கல்யாணச் செய்தி ஏதாவது ஒன்று கிளை முறைக்கு ஒத்துவராவிட்டால் இடையில் ஒரு தலைமுறை விடுபட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

நாடார் குடும்பங்களில் அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி உறவின்முறைகளின் மகமைக் கணக்கை விசாரியுங்கள். வியாபாரத்தில் மகமை கட்டியவர் யார், எந்த வருஷம் வேறு ஊர் உறவின்முறைக்கு மாறினார் என்பது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. தேவாங்கர், சாலியர் நெசவுக் குடும்பங்கள் தங்கள் சமூகப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில் தொடங்கலாம். அதில் தகப்பன் பெயரையும் ஊரையும் நம்புங்கள், பிறந்த தேதியை நம்பாதீர்கள். தலைக்கு மேலாகக் கையைப் போட்டுக் காதைத் தொட்டதை வைத்து வாத்தியார் எழுதிய ஜூன் மாதத் தேதி அது. கிறிஸ்தவர்கள் மண்டபசாலை போன்ற பழைய அமெரிக்க மிஷன் ஊர்களின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்கலாம். அந்த மிஷனின் தலைமைச் சங்கத்துக் காகிதங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு.

மொய் நோட்டை வாசிப்பது

அரிசிப் பானைக்குப் பின்னாலோ டிரங்குப் பெட்டியின் அடியிலோ கிடக்கும் நீள நோட்டைக் கேட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள், கீழே விசேஷமும் தேதியும். காதுகுத்தா, கல்யாணமா, சடங்கா என்பதைப் பொறுத்து முதல் வரி மாறும். காதுகுத்தும் சடங்குமானால் முதல் வரி தாய்மாமன். அப்பாவின் காதுகுத்து நோட்டானால் அந்த ஒரு வரியில் உங்கள் பாட்டியின் பிறந்த வீடு ஊர்ப்பெயரோடு உட்கார்ந்திருக்கும். பெண் வழியைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆவணம் இந்தப் பக்கத்தில் இல்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

அதற்கப்புறம் ஊர்வாரியாகப் போகும். கல்லூரணி, பந்தல்குடி, வீரசோழன் என்று தலைப்பு, கீழே பெயர், தொகை. தொகையைக் கவனியுங்கள். எல்லோரும் 2 ரூபாய் எழுதிய பக்கத்தில் ஒருவர் மட்டும் 21 ரூபாயும் ஒரு குடமும் என்றால் அவர் வெறும் ஊர்க்காரர் இல்லை. "தம்பி வகைக்கு" என்று ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொரு தொகை இருந்தால், தம்பி வெளியூரில் இருக்கிறார், உயிரோடு இருக்கிறார், அண்ணனோடு பேச்சுவார்த்தை இருக்கிறது என்ற மூன்று செய்தி அதில் அடங்கும். பெயருக்குப் பக்கத்தில் பிற்பாடு வேறு மையில் ஒரு டிக் போட்டிருந்தால் திருப்பிச் செய்தாகிவிட்டது. அப்படியானால் அந்த வீட்டு நோட்டில் உங்கள் தாத்தா பெயர் இருக்கும். அங்கே போய் அந்த நோட்டையும் பாருங்கள். இரண்டு வீட்டு நோட்டிலும் உறுதிப்படும் உறவை எந்தப் பங்காளியும் மறுக்க முடியாது.

ஃபோனில் படம் எடுக்கும்போது அட்டையையும் சேர்த்து எடுங்கள். தேதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பத்திரமும் பட்டாவும்

காகிதம் கேட்டு வருகிறவரைப் பார்த்ததும் ஊரில் முதலில் வரும் சந்தேகம், நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்பதுதான். அதனால் பட்டாவை முதல் நாளே கேட்காதீர்கள். இரண்டாவது தடவை போகும்போது கேட்கலாம், அதற்குள் உங்களுக்கு மோர் கொடுத்திருப்பார்கள்.

கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினையும் விடுதலைப் பத்திரமும் நமக்குப் பெரிது. பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி அத்தனை பேரும், மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியனாகத் தாயும், ஜீவனாம்சம் பெறும் விதவையும் வருவார்கள். போனவர் தன் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தில் அவர் அப்போது இருந்த ஊர் எழுதப்பட்டிருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர் அட்டவணை ஒன்று, சொத்து அட்டவணை ஒன்று. சர்வே எண் தெரியாவிட்டால் பெயர் அட்டவணையில் தேடச் சொல்லி மனுக் கொடுங்கள். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கம் பெரும்பாலும் 1975க்குப் பிந்தியது, அதற்கு முந்தையதற்கு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்தப் பகுதியின் பெரும்பாலான ஊர்கள் இராமநாதபுரம் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்த பிறகே அரசாங்கம் நேரடியாகப் பட்டா கொடுத்தது. எனவே ரயத்துவாரி ஊர்க்காரர்கள்போல நூறு வருஷத்து அரசுப் பட்டாவை எதிர்பார்க்காதீர்கள். ஜமீன் ஒழிப்புக்குப் பிந்திய செட்டில்மெண்ட் பதிவேட்டையும், 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். எனப்படும் நிலப் பதிவேடு புதுப்பிப்புப் பணியின் அ பதிவேட்டையும் ஒப்பிட்டால் இடையில் எந்த வாரிசுக்கு நிலம் போயிற்று என்று தெரியும். கர்ணமும் முன்சீபும் வம்சமாக இருந்த முறை 1980இல் ஒழிந்தது. அந்தக் கர்ணத்தின் பேரன் இன்னும் ஊரில் இருந்தால் அவரைப் பார்ப்பது வீண்போகாது.

பழைய ஆவணங்களைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடினால் மாவட்டப் பெயரில் குழம்புவீர்கள். 1910க்கு முன்பு மதுரை ஜில்லா, 1985 வரை இராமநாதபுரம், அதற்குப் பிறகுதான் இன்றைய விருதுநகர் மாவட்டம். ஆண்டுக் கணக்கும் அப்படியே. நிலவரிக் கணக்கின் பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டுங்கள். பசலி 1334 என்றால் 1924 ஜூலை முதல் 1925 ஜூன் வரை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பமானால் கொல்லம் ஆண்டும் வரலாம், கொல்லம் 1100 அதே 1924-25. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேட வேண்டாம், ஆள்வாரி விவரம் யாருக்கும் காட்டப்படாது. 2002, 2005 வாக்காளர் பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன, அண்மைத் தலைமுறைக்கு அவை போதும்.

கடல் தாண்டியவர்

இலங்கைக்குப் போனவர் பெரும்பாலும் கங்காணியின் கடனில் போனவர். அந்தக் கடன்தான் அவருடைய முதல் ஆவணம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களை மாற்றும்போது இவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிக்கொடுத்த துண்டு, 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்திய துண்டு ஏதும் வீட்டில் கிடந்தால் அது பொக்கிஷம். பொதுவாகக் கிடைப்பது பின்னாளைய காகிதங்களே. பழைய இலங்கைப் பிறப்புச் சான்றில், தாத்தா இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயரையும் பிறந்த இடத்தையும் கேட்கும் கட்டம் உண்டு. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஆயிற்று. அப்படித் திரும்பியவர்கள் மண்டபம் முகாமில் இறங்கிக் குடும்ப அட்டையோடு போனார்கள். அந்த அட்டையில் குடும்பத்தார் அத்தனை பேரும் வயதோடு இருப்பார்கள்.

அவர்கள் சொந்த ஊருக்கே திரும்பியிருப்பார்கள் என்று எண்ணித் திருச்சுழித் தாலுகாவில் மட்டும் தேடாதீர்கள். நிலமும் வீடும் பங்காளி கையில் போயிருக்க, வந்தவர்கள் நிறையப் பேர் நீலகிரிக்குப் போனார்கள். அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே 1968இல் தொடங்கின. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் அந்த வீடுகளில் அட்டையைக் கேட்பதோடு, குலதெய்வம் எது என்றும் கேளுங்கள். சாமி பெயரும் ஊர்ப்பெயரும் ஒத்துவந்தால் வரி நோட்டில் வரி நின்ற வருஷத்தோடு பொருத்திப் பாருங்கள்.

இரண்டு தனித்தனிச் சாட்சி இல்லாத கோட்டைப் பென்சிலில் போடுங்கள், இருப்பதை மையில். பென்சில் கோடுகள் உள்ள தாளை நாலு நகல் எடுத்து அடுத்த களரிக்குக் கொண்டுபோங்கள். ஒன்றைப் பூசாரியிடம் கொடுத்துவிடுங்கள், மற்றதைச் சாப்பாட்டுப் பந்தலில் வைத்தால் போதும், திருத்துவதற்கு ஆள் தானாக வரும்.